வழுக்கி விழுந்தவரும் சன்னலைப் பார்த்தவர்களும்

1808ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இலண்டன் மாநகரில் வெளியான படம் ஒன்று உண்டு. பனி உறைந்த நடைபாதையில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுகிறார். தொப்பி தலையை விட்டு நழுவிப் போகிறது. அவர் கையில் பிடித்திருந்த வெப்பமானி மட்டும் உடையாமல் நிற்கிறது. குளிரின் அளவைக் கையில் ஏந்தியவருக்குக் காலடியில் கிடந்த பனி தெரியவில்லை!

அவருக்குப் பின்னால் ஒரு கடை. அதன் சன்னல் கண்ணாடிகளில் கேலிச் சித்திரங்கள் வரிசை வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. சன்னலின் முன் ஒரு கூட்டம். உயர்ந்தவரும் எளியவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் பார்த்து மகிழ்கிறார்கள். ஒருவராவது திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த மனிதருக்கு அவர்களுடைய முதுகுகளே தெரிகின்றன.

இப்படத்தைச் செப்புத் தகட்டில் பொறித்தவர் ஜேம்ஸ் கில்ரே. அந்தக் கடையின் மேல்மாடியிலேயே குடியிருந்தவர் அவர். சன்னலில் தொங்கும் படங்களும் அவர் வரைந்தவையே. தம் கடையையும், தம் படங்களைக் கண்டு சிரிக்கும் கூட்டத்தையும் அவரே சிரிப்புக்குரிய பொருளாக்கிவிட்டார். அன்றைய ஆங்கிலக் கேலிச் சித்திரங்களின் பெருமையும் சிறுமையும் இந்த ஒரு தாளில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. எதைக் கண்டு சிரிக்கிறோம், சிரிக்கும்போது யாருக்கு முதுகைக் காட்டுகிறோம் என்ற இரண்டு கேள்விகளை அது நம்மிடம் கேட்கிறது.

செம்பும் அமிலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நாளிதழ்களில் கேலிச் சித்திரங்கள் இடம்பெறவில்லை. அவை தனித்தாள்களாக அச்சிடப்பட்டுக் கடைகளில் விற்கப்பட்டன. பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பரப்புவார்கள். ஓவியர் கூரிய ஊசியால் அந்தப் பூச்சைக் கீறிப் படம் வரைவார். பின்னர் தகட்டின்மீது அமிலத்தை ஊற்றினால், ஊசி கீறிய இடங்களில் மட்டும் அது செம்பை அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் பதிந்துவிடும். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்பதால், எழுத்துகள் அனைத்தையும் தலைகீழ்த் திசையில் எழுதும் பயிற்சியும் ஓவியருக்குத் தேவைப்பட்டது. பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டுவார்கள்.

வண்ணமில்லாத தாளுக்கு ஒரு ஷில்லிங், வண்ணம் தீட்டியதற்கு இரண்டு ஷில்லிங் என்பது வழக்கமான விலைகளுள் ஒன்று. ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங். வயல்வேலை செய்யும் கூலியாளின் வாரச் சம்பளமோ பத்து ஷில்லிங்கை ஒட்டியே இருந்தது. எனவே வாங்கக்கூடியவர்கள் வசதி படைத்தவர்களே. மாலை விருந்துகளில் விருந்தினர் புரட்டிப் பார்ப்பதற்காகப் படத் தொகுப்புகளை ஓர் இரவுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் இருந்தன. வாங்க வழியில்லாதவர்களுக்குக் கடைச் சன்னல்களே இலவசக் கண்காட்சி.

கில்ரே தங்கியிருந்த கடை ஹன்னா ஹம்பிரி என்ற பெண்மணிக்குச் சொந்தமானது. 1797 முதல் அது செயிண்ட் ஜேம்ஸ் தெருவில் 27ஆம் எண் இல்லத்தில் நடைபெற்றது. அத்தெருவின் ஒரு கோடியில் அரண்மனை. இரு மருங்கிலும் கனவான்களின் சூதாட்ட மன்றங்கள். படங்களில் கேலிக்கு ஆளான பெருமக்கள் அன்றாடம் அந்தச் சன்னலைக் கடந்துதான் போக வேண்டும். அவர்களே உள்ளே நுழைந்து, தம்மைக் கேலி செய்த படத்தை விலை கொடுத்து வாங்கியும் சென்றார்கள். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசரும் இக்கடையின் வாடிக்கையாளர். வின்ட்சர் கோட்டையில் சேர்ந்திருந்த இத்தகைய படங்களில் ஏறத்தாழ 10,000 தாள்களை 1921இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் விலைக்கு வாங்கியது.

மோஸ்தரின் மீது விழுந்த நெருப்பு

இந்த ஓவியர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள்? முதலாவதாக, உடையைக் கண்டு. 1802ஆம் ஆண்டில் கில்ரே வெளியிட்ட படமொன்று மஸ்லின் உடையின் நன்மைகளை எடுத்துரைப்பதாகத் தலைப்பிலேயே பறைசாற்றுகிறது. படத்தைப் பார்த்தால் ஒரு சீமாட்டியின் மெல்லிய ஆடைமீது கணப்படுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்புக்கோல் விழுந்து தீப்பற்றிக்கொண்டிருக்கிறது! தேநீர் மேசை கவிழ்கிறது, வீடே அலறுகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பழைய கனத்த பட்டாடைகள் போய், கிரேக்கச் சிலைகளைப் போல உடலோடு ஒட்டிய மெல்லிழை ஆடைகள் வந்திருந்த காலம் அது. அக்கினியும் குளிரும் அறிந்த நாட்டில் அந்த ஆடை உண்மையிலேயே ஆபத்தானதுதான். மஸ்லினின் புகழுக்கு வேர் வங்கத்து டாக்கா நெசவாளரின் தறிகளில் இருந்தது. ஆங்கிலேய ஆலைகள் அதைப் போலச் செய்யக் கற்றுக்கொண்ட பின் அந்த நெசவாளர் வாழ்வு நொடிந்தது. மோஸ்தரைப் பற்றிய இந்தச் சிரிப்பில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை.

1805இல் கில்ரே இரட்டைப் படம் ஒன்றை வெளியிட்டார். முதல் படத்தில் திருமணத்திற்கு முந்தைய காதலர் இருவர் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து இணைந்து பாடுகிறார்கள். இரண்டாவதில் அவர்களே கணவன் மனைவி. அவள் பியானோவின் முன் உரத்துப் பாட, அவர் முதுகைத் திருப்பிக் காதைப் பொத்திக்கொண்டு காலை உணவில் கவனம் செலுத்துகிறார். தாதியின் கையில் குழந்தை வீறிட்டு அழுகிறது. இன்று நம் வீடுகளில் இப்படத்தை மாட்டினாலும் விளக்கம் தேவைப்படாது.

தாமஸ் ரௌலண்ட்சன் இன்னொரு வகையினர். அத்தை வைத்துச் சென்ற 7,000 பவுனைச் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு, பென்சிலை நம்பி வாழ்ந்தவர். அரசு ஓவியக் கழகத்தின் ஆண்டுக் கண்காட்சி சாமர்செட் மாளிகையின் உச்சி மாடியில் நடைபெறும். அங்கே செல்ல வளைந்து வளைந்து ஏறும் செங்குத்தான படிக்கட்டு ஒன்று உண்டு. கலையை இரசிக்கப் புறப்பட்ட சீமான்களும் சீமாட்டிகளும் அந்தப் படிகளில் ஒருவர்மேல் ஒருவராக உருண்டு விழுவதை 1811ஐ ஒட்டி அவர் வரைந்தார். மேலே தொங்கும் ஓவியங்களை விட்டுவிட்டு, விழுந்து கிடப்பவர்களையே உற்றுப் பார்த்து இரசிக்கும் கனவான்களையும் அதில் காணலாம்.

அடுத்த தலைமுறையில் ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க் வந்தார். 1816 தொடங்கி, அந்தந்த ஆண்டின் விபரீதங்கள் என்ற தலைப்பில் அவர் வெளியிட்ட படவரிசையில், வானளாவிய தொப்பிகளும் தாடையை மறைக்கும் கழுத்துப்பட்டைகளும் பூங்காவில் உலா வருகின்றன. 1818இல் அரசவை வரவேற்பு ஒன்றின் நெரிசலை அவர் தீட்டினார். பெண்கள் இடுப்பில் பெரிய வளையச் சட்டங்களைக் கட்டிக்கொண்டுதான் அரசியின் முன் செல்ல வேண்டும் என்ற பழைய விதி அன்று நடைமுறையில் இருந்தது. அந்த வளையங்கள் நெரிசலில் படும் பாட்டை அப்படம் காட்டுகிறது. 1820இல் நான்காம் ஜார்ஜ் அரியணை ஏறியபோது அந்த விதியே நீக்கப்பட்டது.

இதுவரை நாமும் சேர்ந்து சிரிக்கலாம். ஆணவத்தின் தொப்பியைத் தட்டிவிடும் சிரிப்பு நலம் பயப்பதே. ஆனால் அதே ஊசி, அதே அமிலம் வேறு சிலர்மீதும் பாய்ந்தது.

திருமணமும் கேலியும்

மரியா பிட்ஸ்ஹெர்பர்ட் கத்தோலிக்கக் குடும்பத்தில் 1756இல் பிறந்தவர். இரு கணவர்களை இளமையிலேயே இழந்தவர். வேல்ஸ் இளவரசர் அவர்மீது காதல் கொண்டார். திருமணமின்றி அவரோடு வாழ மரியா இசையவில்லை. நாட்டைவிட்டே சென்று மாதக்கணக்கில் ஐரோப்பாவில் தங்கினார். இறுதியில் 1785 டிசம்பர் 15ஆம் நாள், இலண்டனில் அவருடைய இல்லத்திலேயே ஓர் ஆங்கிலிக்கன் குருவின் முன்னிலையில் இருவருக்கும் இரகசியமாகத் திருமணம் நடைபெற்றது.

சட்டமோ குறுக்கே நின்றது. கத்தோலிக்கரை மணந்தவர் அரியணை ஏற முடியாது என்பது 1701ஆம் ஆண்டுச் சட்டம். மன்னரின் அனுமதியின்றி அரச குடும்பத்தினர் செய்யும் திருமணம் செல்லாது என்பது 1772ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே மரியா மனைவியாகவும் இருந்தார், மனைவியல்லாதவராகவும் இருந்தார். 1786 மார்ச்சில் கில்ரே வெளியிட்ட படத்தின் தலைப்பே இந்த இரண்டு சொற்களைச் சேர்த்து விளையாடியது. நடந்த இடத்தை ஐரோப்பியக் கண்டத்துக் கத்தோலிக்கக் கோவிலாக மாற்றி, நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கை இயேசு சபைத் துறவியாக்கித் திருமணம் நடத்தி வைப்பதுபோல் அதில் வரைந்திருந்தார். உண்மையில் அங்கே கத்தோலிக்கக் குரு எவரும் இருக்கவில்லை. ஆனால் ‘உரோமையின் சதி’ என்றால் தாள் நன்றாக விற்றது. கத்தோலிக்கருக்கு எதிராக இலண்டன் தெருக்கள் பற்றியெரிந்த 1780ஆம் ஆண்டுக் கலவரம் அப்போதும் மக்கள் நினைவில் இருந்தது.

மறு ஆண்டில் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, இளவரசரின் நண்பரான சார்லஸ் ஃபாக்ஸ் எழுந்து, அப்படியொரு திருமணம் நடைபெறவே இல்லை என்று மறுத்தார். இளவரசர் வாய் திறக்கவில்லை. 1795இல் அவருடைய கடன் 630,000 பவுன் அளவுக்கு ஏறிவிட்டது. அதைத் தீர்க்கும் வழியாக அரசு காட்டிய பாதையில் சென்று பிரன்ஸ்விக் இளவரசி கரோலினை அவர் மணந்தார். பின்னர் மனம் மாறி மரியாவிடம் திரும்ப வந்தபோது, மரியா உரோமையின் தீர்ப்பைக் கேட்டார். 1800இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதர் காலத்தில் உரோமையிலிருந்து வந்த மறுமொழி அவருடைய திருமணம் செல்லும் என்றது. அதன் பின்னரே அவர் மீண்டும் இளவரசரோடு வாழ ஒப்புக்கொண்டார்.

கேலி அதன் பின்னும் ஓயவில்லை. பெற்றோரை இழந்த மேரி சீமோர் என்ற குழந்தையை அவர் தம் மகள்போல் வளர்த்து வந்தார். கத்தோலிக்கப் பெண்ணிடம் புரொட்டஸ்டண்ட் குழந்தை வளர்வதா என்று உறவினர் வழக்குத் தொடர்ந்தனர். 1805இல் கில்ரே, மரியாவை வானதூதராக்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கத்தோலிக்கப் பீடத்தை நோக்கிப் பறப்பதுபோல் ஒரு படம் வெளியிட்டார். மறு ஆண்டில் பிரபுக்கள் சபை புதிய பாதுகாவலர்களை நியமித்தது. அவர்களோ குழந்தையை மரியாவிடமே விட்டுவைத்தார்கள். சட்டம் காட்டிய இந்தச் சிறு கனிவுகூட அந்தத் தாளில் இல்லை.

மரியா இவற்றுக்கெல்லாம் பொதுவில் மறுமொழி கூறவில்லை. 1811இல் இளவரசர் அளித்த பெருவிருந்தில், தம்மோடு அமர அவருக்கு இடமில்லை என்று அறிவித்தபோது அமைதியாக விலகிச் சென்றார். 1830இல் நான்காம் ஜார்ஜ் இறந்து அடக்கம் செய்யப்பட்டபோது அவருடைய கழுத்தில் மரியாவின் சிற்றுருவப் படம் இருந்தது. புதிய மன்னர் நான்காம் வில்லியம் அவருக்குச் சீமாட்டிப் பட்டம் அளிக்க முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். 1837இல் காலமான அவருடைய உடல் பிரைட்டன் நகரில் திருமுழுக்கு யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள நினைவுச் சிற்பத்தில் முழந்தாளிட்டிருக்கும் அவருடைய விரலில் மூன்று மோதிரங்கள் காணப்படுகின்றன. சன்னல் கூட்டம் எதை மறுத்துச் சிரித்ததோ, அதைக் கல் அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னும் எளியவர்மீதும் அந்தச் சிரிப்பு பாய்ந்தது. 1810இல் சாரா பார்ட்மன் என்ற ஆப்பிரிக்கப் பெண் நன்னம்பிக்கை முனையிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, பிக்கடில்லி தெருவில் கட்டணத்திற்குக் காட்சிப் பொருளாக்கப்பட்டார். அவருடைய உடலமைப்பை அரசியல்வாதிகளின் உருவத்தோடு ஒப்பிட்டுக் கேலிப் படங்கள் வெளியாயின. அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் அவருக்காக நீதிமன்றம் சென்றும் வெற்றி பெறவில்லை. அவர் 1815இல் பாரிஸில் இறந்தார். அங்கே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அவருடைய உடல் எச்சங்கள் 2002இல்தான் தென்னாப்பிரிக்க மண்ணுக்குத் திரும்பின. மோஸ்தரை நகைத்த தாளும் இந்தப் பெண்ணை நகைத்த தாளும் ஒரே தெருக்களின் சன்னல்களில் தொங்கின. பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரிந்ததா?

உயிருக்காக ஒரு கேலி

தெரிந்த ஓவியர்களும் இருந்தார்கள் என்பது ஆறுதல். அந்நாளில் ஒரு பவுன் கள்ளநோட்டைக் கைமாற்றினால் தூக்குத் தண்டனை. எளிதில் போலி செய்யக்கூடிய நோட்டை அச்சிட்டது வங்கி. அதைத் தெரிந்தோ தெரியாமலோ மாற்றித் தூக்கு மேடை ஏறியவர்கள் ஏழைகள். பெண்கள் இவ்வாறு தூக்கில் தொங்கியதைக் கண்ட ஜார்ஜ் க்ரூக்‌ஷாங்க், 1819இல் ஒரு கேலி நோட்டைத் தீட்டினார். தூக்கில் தொங்கும் மனிதர்களின் வரிசை ஒரு பக்கம். பவுன் குறியே தூக்குக் கயிறாக வளைகிறது. கையொப்பமிட்டிருப்பவர் தூக்குப் போடுபவர். பதிப்பாளர் வில்லியம் ஹோனின் கடைமுன் மக்கள் திரண்டு தெருவை அடைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பொன் நாணயம் மீண்டும் புழக்கத்திற்கு வந்தது; 1830களில் கள்ளநோட்டுக் குற்றத்திற்கு மரண தண்டனை நீங்கியது. காரணங்கள் பல இருந்தன. ஆயினும் அந்தத் தாளும் அவற்றுள் ஒன்று என்று க்ரூக்‌ஷாங்க் வாழ்நாள் முழுதும் பெருமை கொண்டார்.

அதே மனிதர்தாம் 1820இல், மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்று எழுதிக் கொடுத்து 100 பவுன் பெற்றுக்கொண்டவர். மனித மனம் ஒரே நேர்க்கோட்டில் செல்வதில்லை. குடியால் தந்தையை இழந்த அவர், பின்னாளில் தாமும் குடியை விட்டொழித்து, 1847இல் குடியினால் சிதையும் ஒரு குடும்பத்தின் கதையை எட்டுப் படங்களாக வெளியிட்டார். அவற்றில் கேலி இல்லை. இரக்கம் மட்டுமே உண்டு.

விழுந்தவரைத் தூக்கிய கை

மோஸ்தர் உலகின் முடிசூடா மன்னர் என்று புகழப்பட்ட போ பிரம்மல், கழுத்துப்பட்டையைக் கட்டுவதற்கே காலை நேரத்தைச் செலவிட்டவர். சூதாட்டக் கடன் தாங்காமல் 1816இல் பிரான்சுக்குத் தப்பியோடினார். அங்கே கடன்காரர் சிறையும் கண்டார். அறிவு மங்கி, உடை அழுக்கேறி, தம்மைப் பேண முடியாத நிலையில் கான் நகரில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, 1840இல் அங்கேயே உயிர் நீத்தார். அவரைப் பார்த்து நகைத்த இலண்டனும் அவரைப் பின்பற்றிய இலண்டனும் அப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தன.

கில்ரேயின் முடிவும் அத்தகையதே. ஒரு கையைப் போர்க்களத்தில் இழந்த படைவீரரின் மகன் அவர். அத்தந்தை பின்னர் மொரேவியச் சபையின் கல்லறைத் தோட்டத்தைக் காத்தவர். ஊசியின் நுண்மைக்கே வாழ்ந்த அவருடைய கண்பார்வை 1806ஐ ஒட்டி மங்கத் தொடங்கியது. பின்னர் அறிவும் தடுமாறியது. 1811இல் மேல்மாடச் சன்னல் வழியே கீழே விழ முயன்றார். எந்த நடைபாதையில் முதியவர் ஒருவரை வழுக்கி விழ வைத்துச் சிரித்தாரோ, அதே நடைபாதை அவருக்குக் கீழே இருந்தது.

அவரைக் கைவிடாதவர் ஒருவர் உண்டு. கடைக்காரி ஹன்னா ஹம்பிரி. வரையும் கை ஓய்ந்துவிட்டது. இனி அவரால் கடைக்கு ஒரு காசு வருமானமும் இல்லை. ஆயினும் 1815 ஜூன் முதல் நாள் அவர் இறக்கும்வரை, தம் வீட்டிலேயே வைத்துப் பேணினார் அப்பெண்மணி. சிரிப்பை விற்றுப் பிழைத்த கடையின் மேல்மாடியில், எந்தத் தாளிலும் அச்சாகாத அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது.

இப்போது அந்தப் படத்தை மீண்டும் பார்ப்போம். பனியில் விழும் முதியவர். கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் கூட்டம். நாம் இருக்கும் இடம் எது? படத்தைப் பார்த்துச் சிரிக்கும் நாமும் அந்தச் சன்னலின் முன்தான் நிற்கிறோம். சிரிப்பது பிழையன்று. கில்ரேயின் சிரிப்பு இல்லாவிட்டால் ஓர் இளவரசரின் ஊதாரித்தனமும் ஒரு காலத்தின் போலிப் பகட்டும் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. ஆனால் சிரித்து முடித்ததும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கலாம். ஹன்னா ஹம்பிரி திரும்பிப் பார்த்தார்.